அப்பா விட்டுப்போன கணக்கு

இந்தப் பக்கம் வந்து நாலு மாசம் ஆச்சு. மார்ச் முடிவுக் கணக்கு, அது முடிஞ்சா ஆடிட், ஆடிட் முடிஞ்சா ஆடிட்டர் கேட்ட கேள்விக்குப் பதில். ஆணி ரொம்ப அதிகம். இன்னைக்குத்தான் நாக்பூர்ல ஒரு உருப்படியான ஞாயிற்றுக்கிழமை கிடைச்சுது. வழக்கமா இங்கே தர்ரி போஹா, ஆரஞ்சு மண்டி, ரயில் டிக்கெட் புலம்பல்னு எழுதுவேன். இன்னைக்கு விஷயம் வேற: கொலஸ்ட்ரால். அதுவும் அந்தக் கொழுப்பு ரத்தத்திலிருந்து செல்லுக்குள்ளே எப்படிப் போகுதுங்கிற விஷயம். "பி.காம். படிச்சவனுக்கு இது எதுக்கு?"னு கேட்பீங்க. கடைசிவரை படிங்க, புரியும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கணக்குப் பார்க்கிறவன். மருந்து பத்தின முடிவு எல்லாம் உங்க டாக்டர்கிட்டே.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கப்பா 1992-ல் 44 வயசில் போயிட்டார். எனக்கு அப்போ 13. கரூர்ல ஒரு பஸ் பாடி கட்டுற பட்டறையில் கணக்கு எழுதிட்டிருந்தார். மதியம் நெஞ்சு கரிக்குதுன்னு சோடா வாங்கிக் குடிச்சாராம், சாயங்காலம் ஆள் இல்லை. முட்டைகூடத் தொடாதவர். பீடி, வெத்தலை எதுவும் கிடையாது. "தலையெழுத்து"ன்னு ஒரே வார்த்தையில் ஊரே முடிச்சிட்டுது. அதுக்கப்புறம் பெரியப்பா, 49 வயசில். அதுவும் தலையெழுத்துதான்.

அப்புறம் 2023-ல் ஓசூர்ல இருக்கிற என் தம்பிக்கு நெஞ்சு வலி. வயசு 39. நல்லவேளை, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்துது, ஒரு ஸ்டென்டோட தப்பிச்சான். அங்கே இருந்த டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு நாலே கேள்வி கேட்டார். அப்பா எந்த வயசில் இறந்தார்? அப்பாவோட கூடப் பிறந்தவங்க? தம்பியோட பழைய ரத்த ரிப்போர்ட் இருக்கா? உங்களோடது எவ்வளவு? தம்பியோட எல்.டி.எல். 241. எனக்கு எடுத்துப் பார்த்ததில் 238. "ரெண்டு பேரும் ஒரே சாப்பாடா சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டார். அவன் ஓசூர்ல பரோட்டா, நான் நாக்பூர்ல சப்பாத்தி. இருபது வருஷமா ஒரே சமையல் கிடையாது. "அப்போ இது சாப்பாடு இல்லை சார், சொத்து"ன்னார்.

அன்னைக்கு ராத்திரியிலிருந்து நான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன். ஒரு கணக்கு எங்கே உதைக்குதுன்னு தெரியாம வங்கிக்காரனுக்குத் தூக்கம் வராது. படிச்சதை எனக்குப் புரிஞ்ச பாஷையில் சொல்றேன்.

*

கொலஸ்ட்ரால் கெட்ட வஸ்து இல்லை. ஒவ்வொரு செல்லோட சுவரிலும் அது இருக்கு. பல ஹார்மோன்களும் பித்தநீரும் அதிலிருந்துதான் உண்டாகுது. சிக்கல் என்னன்னா, எண்ணெய் மாதிரி அதுவும் தண்ணியில் கரையாது. ரத்தத்தில் தனியாப் போகமுடியாது. நோட்டுக்கட்டைக் கையில் தூக்கிட்டு ரோட்டில் நடக்கமுடியுமா? வண்டியில்தான் அனுப்பணும். அந்த வண்டிகளில் ஒண்ணுதான் எல்.டி.எல். உருண்டை.

அதோட குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 45 ஆயிரம் உருண்டைகளை வரிசையா நிறுத்தலாம். உருண்டைக்குள்ளே சுமார் 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள். வெளியே பாஸ்போலிப்பிட் தோல். அந்தத் தோலைச் சுத்தி பெல்ட் மாதிரி ஒரே ஒரு பெரிய புரதம், அபோ பி-100. 4,536 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. ஒரு உருண்டைக்கு ஒரு பெல்ட்தான்.

இந்த வண்டி செல்லோட வாசலுக்கு வந்ததும் அதைப் பிடிக்க ஒரு கை வேணும். அதுதான் எல்.டி.எல். ஏற்பி. செல்லோட மேல்தோலில் ஊன்றி வெளியே நீட்டிட்டிருக்கிற ஒரு புரதம், 839 அமினோ அமில நீளம். உள்ளே இருக்கிற கொழுப்பை அது நேரடியாத் தொடுறதில்லை. வெளியே இருக்கிற பெல்ட்டைத்தான் பிடிக்குது. கையோட நுனியில் வரிசையா ஏழு சின்ன முடிச்சுகள். ஒவ்வொண்ணும் 40 அமினோ அமிலம் அளவு. ஒவ்வொரு முடிச்சும் குலையாம இருக்க அதுக்குள்ளே ஒரு கால்சியம் அயனி. முடிச்சுகளில் எதிர்மின் அமிலங்கள் நிறைய, பெல்ட்டில் அந்த இடத்தில் லைசின், ஆர்ஜினின்னு நேர்மின் அமிலங்கள். பிளஸ்சும் மைனஸும் ஒட்டிக்குது. இவ்வளவுதான் கையோட பிடி.

பிடிச்சதும் அந்த இடம் குழியா உள்வாங்கி, ஒரு குமிழா செல்லுக்குள்ளே போயிடும். உள்ளே அமிலத்தன்மை கூடும்போது கை தன்மேலேயே மடங்கிக்கும், சரக்கு கழண்டு விழுந்துடும். சரக்கு உடைபட்டு கொலஸ்ட்ரால் செல்லுக்குக் கிடைக்கும். கை திரும்பவும் வாசலுக்கே வந்து நிக்கும். ஒரு சுத்துக்கு சுமார் 10 நிமிஷம். ஒரு கை தன் ஆயுசில் நூறு தடவைக்கு மேலே இப்படிப் போய்வரும். எங்க கேஷியர்களும் இப்படி இருந்தா நல்லா இருக்கும் :)

*

இதைக் கண்டுபிடிச்சவங்க ரெண்டு அமெரிக்க டாக்டர்கள், மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும். 1966-ல் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒண்ணில் பயிற்சி டாக்டர்களா இருந்தப்போ நண்பர்கள் ஆனாங்க. பிற்பாடு டல்லஸில் சேர்ந்து வேலை பார்த்தாங்க. சில குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே கொலஸ்ட்ரால் ஏகத்துக்கு ஏறி, பள்ளிக்கூட வயசிலேயே மாரடைப்பு வரும். ஏன்? அந்த நோயாளிகளோட தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தாங்க. சாதாரண ஆளோட செல் எல்.டி.எல்.லைப் பிடிச்சுக்குது. "போதும்"னு தன் சொந்த கொலஸ்ட்ரால் தயாரிப்பையும் நிறுத்திக்குது. இந்தக் குழந்தைகளோட செல் பிடிக்கவே இல்லை, தயாரிப்பையும் நிறுத்தலை. வாசலில் கையே இல்லை! 1973, 1974-ல் இதை எழுதினாங்க. 1985-ல் நோபல் பரிசு.

இந்த ஏற்பிக்கான ஜீன் 19-ஆம் குரோமோசோமில் இருக்கு. அப்பாகிட்டேயிருந்து ஒரு பிரதி, அம்மாகிட்டேயிருந்து ஒரு பிரதி. ரெண்டும் பழுதானவங்க ரொம்ப அரிது. ஒண்ணு மட்டும் பழுதானவங்க அரிது இல்லை. உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருத்தர்னு சொல்றாங்க. கிளையில் ரெண்டு கேஷ் கவுண்டர், ஒண்ணை நிரந்தரமா மூடிட்டா என்ன ஆகும்? வரிசை வாசல் தாண்டி ரோட்டுக்கு வரும். இங்கே ரோடுங்கிறது ரத்தக்குழாய். ஒரு பிரதி பழுதானவங்களுக்கு எல்.டி.எல். சராசரியைப் போல சுமார் ரெண்டு மடங்கு ஆகிறது இதனால்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒண்ணு. இந்த வரிசை 40 வயசில் ஆரம்பிக்கிறதில்லை. பிறந்த நாளிலிருந்தே நிக்குது. ஐம்பது வயசில் சாப்பாட்டால் எல்.டி.எல். ஏறினவருக்கும், தொட்டில்லேயே ஏறினவருக்கும் ரிப்போர்ட்டில் ஒரே எண் வரலாம். ஆனா ரெண்டாவது ஆளுக்கு வட்டி ஐம்பது வருஷமா ஓடியிருக்கு. அசலை மட்டும் பார்த்துட்டுக் கணக்கை மூடமுடியாது.

1984-ல் ஸ்டார்மி ஜோன்ஸ்னு ஆறு வயசு அமெரிக்கப் பொண்ணு. ரெண்டு பிரதியும் பழுது. கொலஸ்ட்ரால் ஆயிரத்துக்கு மேலே. பிட்ஸ்பர்க்கில் இதயத்தையும் கல்லீரலையும் சேர்த்து மாத்தினாங்க. இதயம் சரி, கல்லீரல் எதுக்கு? எல்.டி.எல்.லைப் பிடிக்கிற கைகள் பெரும்பாலும் கல்லீரலில்தான் இருக்கு. புதுக் கல்லீரலில் நல்ல கைகள் இருந்ததால் கொலஸ்ட்ரால் 300 பக்கம் இறங்கிடுச்சு. அந்தக் குழந்தை 1990-ல் இறந்துபோச்சு. ஆனா நோயோட முகவரி எதுன்னு உலகத்துக்குச் சந்தேகமில்லாமல் தெரிஞ்சது அவளால்தான். அவளோட படத்தைப் பார்த்த அன்னைக்கு என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துட்டிருந்தான். கம்ப்யூட்டரை மூடிட்டேன்.

*

மருந்துப் பக்கம் வருவோம். ஜப்பானில் அகிரா எண்டோன்னு ஒரு விஞ்ஞானி. 1970-களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதிச்சு, கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கிற ஒரு பொருளைப் பிரிச்செடுத்தார். அதிலிருந்து தொடங்கினதுதான் ஸ்டாட்டின் வகை மாத்திரைகள். முதல் ஸ்டாட்டின் 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துது. எங்கப்பா இறந்தது அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு. கரூர்ல ஒரு பட்டறைக் கணக்கருக்கு அந்தச் சேதி எப்படி எட்டும்?

ஸ்டாட்டின் வேலை செய்யுற விதம் அழகு. கல்லீரல் செல்லில் தயாரிப்பை நிறுத்தினா, செல்லுக்குக் கொலஸ்ட்ரால் பஞ்சம் வரும். பஞ்சம் வந்ததும் அது வாசலில் அதிகமான கைகளை முளைக்கவைக்கும். அந்தக் கைகள் ரத்தத்தில் நிக்கிற வரிசையை உள்ளே இழுத்துக்கும். எங்களை மாதிரி ஒரு பிரதி பழுதானவங்களுக்கு, மிச்சமிருக்கிற ஒரு நல்ல பிரதியை ஓவர்டைம் பார்க்கவைக்கிற மருந்து அது.

இன்னொரு கதையும் உண்டு. 2003-ல் பாரிஸிலும் மாண்ட்ரியலிலும் இருந்த ஆய்வாளர்கள் பி.சி.எஸ்.கே.9-னு ஒரு புரதத்துக்கும் இந்தப் பரம்பரை நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தப் புரதம் ஏற்பியைப் பிடிச்சுக்கிட்டா, கை வாசலுக்குத் திரும்பாம சரக்கோட சேர்ந்து அதுவும் அழிஞ்சுபோகும். அப்போ அந்தப் புரதம் இல்லாதவங்க? 2006-ல் டல்லஸில் கோஹன், ஹாப்ஸ்னு ரெண்டு பேர் குழு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. பிறவியிலேயே அந்த ஜீனின் ஒரு பிரதி செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதயநோய் ஆபத்து 88 சதவீதம் குறைவு. 28-க்கு 88! பிறந்ததிலிருந்து குறைவா இருந்ததோட கூட்டுவட்டி அது. எங்க கணக்கைத் தலைகீழாப் போட்ட மாதிரி. 2015-லிருந்து அந்தப் புரதத்தைத் தடுக்கிற ஊசிகளும் வந்தாச்சு. விலைதான் நம்மை யோசிக்கவைக்கும்.

கையும் பெல்ட்டும் சேர்ந்த படத்தை விவரமாப் பார்க்க 2024 டிசம்பர் வரைக்கும் காத்திருக்கவேண்டியிருந்துது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அந்தப் பிடியைப் படம் பிடிச்சாங்க. இந்த நோய் இருக்கிற குடும்பங்களில் காணப்படுற மாற்றங்களில் பல, சரியா அந்தக் கைபிடிக்கிற இடத்திலேயே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடி. அது நழுவினதுக்கு எங்க வீட்டில் ரெண்டு பேர் போயிட்டாங்க.

*

ஓசூர்ல இருந்து திரும்பினதும் அம்மாகிட்டே போன்ல ஒரு கேள்வி கேட்டேன். "அப்பாவுக்குக் குதிகால் மேலே ஏதாவது தடிப்பா இருந்துச்சாம்மா?" இந்த நோயில் குதிகால் தசைநாணில் கொழுப்பு படிஞ்சு தடிக்கும். நார்வே நாட்டு கார்ல் முல்லர்ங்கிற டாக்டர் 1938-லேயே இந்தத் தடிப்பு, கொலஸ்ட்ரால், மாரடைப்பு மூணும் குடும்பம் குடும்பமா வருதுன்னு எழுதிவெச்சிருக்கார். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "ஆமாப்பா. பின்வார் உறுத்துதுன்னு செருப்பு வாரை அறுத்துட்டுத்தான் போடுவார். நடந்து நடந்து தடிச்சுப்போச்சுன்னு நெனச்சோம்."

முப்பது வருஷமா எங்க வீட்டில் எல்லோருக்கும் தெரிஞ்ச விஷயம் அது. அதுக்கு ஒரு பேர் இருக்குன்னு யாருக்கும் தெரியலை.

தம்பிக்கு இதெல்லாம் சொன்னப்போ அவன் அழுதுட்டான். பயத்தில் இல்லை. அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் பார்க்கவந்த ஒவ்வொருத்தரும் "பரோட்டாவைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்"னு சொல்லிட்டுத்தான் ஹார்லிக்ஸ் பாட்டிலை வெச்சுட்டுப் போனாங்க. பரோட்டா நல்லதில்லைதான். நிறைவுற்ற கொழுப்பு கைகளோட எண்ணிக்கையைக் குறைக்கும், அவனும் இப்போ விட்டுட்டான். ஆனா முட்டைகூடச் சாப்பிடாத அப்பா 44-ல் போனதுக்கு யாரும் இதுவரை கணக்குச் சொல்லலையே. தன் உடம்பைத் தானே கெடுத்துக்கிட்டோம்ங்கிற குத்தம் அவன் தலையிலிருந்து இறங்கினது அன்னைக்குத்தான்.

அடுத்து என் பிள்ளைங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம், காசு சுண்டுற மாதிரி. தங்கமணி முதலில் ஒத்துக்கலை. "என்னங்க, ஒம்பது வயசுப் பையனுக்கு ரத்தப் பரிசோதனை, மாத்திரைன்னு இப்பவே ஆரம்பிக்கணுமா? பெரியவளுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது இதை யாராவது கேட்டா?" நியாயமான பயம்தான். நான் வாதாடலை. அப்பா இறந்த வயசு, பெரியப்பா வயசு, தம்பி வயசு மூணையும் ஒரு தாளில் எழுதி அவ கையில் குடுத்தேன். 44, 49, 39. ரெண்டு நாள் அந்தத் தாள் சாமி அலமாரியில் இருந்துது. மூணாம் நாள் அவளே லேபுக்கு நேரம் வாங்கிட்டா.

பொண்ணுக்கு 98. பையனுக்கு 196. தைராய்டு மாதிரி வேற காரணம் இல்லைன்னு பார்த்துட்டு, ஜீன் பரிசோதனையும் செஞ்சாங்க. என்கிட்டேயிருந்து வந்த அதே பழுது. பத்து வயசானதும் குழந்தை டாக்டர் சின்ன அளவில் மாத்திரை ஆரம்பிச்சார். ராத்திரி நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்னு மாத்திரை போடுறோம். "அப்பா, உனக்கும் எனக்கும் ஒரே கவுண்டர் மூடியிருக்கா?"ன்னு கேட்டான். ஆமாடா கண்ணா. எனக்கு அது 44 வயசில் தெரிஞ்சுது, உனக்குப் பத்து வயசிலேயே தெரிஞ்சுடுச்சு. அந்த 34 வருஷ வட்டி உனக்குத் தள்ளுபடி.

*

இதை நம்மளை மாதிரி ஊரை விட்டு வந்தவங்களுக்குன்னு எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. ஒரே தெருவில் பங்காளிங்க எல்லாம் இருந்த காலத்தில், யார் எந்த வயசில் போனாங்கன்னு தெருவுக்கே தெரியும். இப்போ தம்பி ஓசூர், நான் நாக்பூர், அத்தை மகன் புனே, பெரியப்பா மகன் பரோடா. ஆளுக்கொரு லேபில், ஆளுக்கொரு ரிப்போர்ட். தனித்தனியாப் பார்த்தா ஒவ்வொண்ணும் "கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி". சேர்த்து வெச்சுப் பார்த்தாத்தான் பேரேடு தெரியும். டாக்டருக்கு அந்தப் பேரேடு கிடைக்காது, நாமதான் எழுதிக் குடுக்கணும்.

ஒரு தாள் எடுங்க. அப்பா வழி, அம்மா வழி ரெண்டும் எழுதுங்க. யாருக்கு எந்த வயசில் மாரடைப்பு? ஆண்களில் 55-க்கு முன்னாடி, பெண்களில் 60-க்கு முன்னாடி யாராவது உண்டா? யாருக்காவது எல்.டி.எல். 190-க்கு மேலே? குதிகாலில், விரல் மூட்டில் தடிப்பு? இளவயசிலேயே கருவிழியைச் சுத்தி வெள்ளை வளையம்? இருந்தா அந்தத் தாளோட டாக்டர்கிட்டே போங்க. கொழுப்புப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அத்தை மகன் போய்ப் பார்த்துட்டு வந்தான், அவனுக்கு இல்லை. பரோடா அண்ணன் மட்டும் இன்னும் போகலை. "டேய், எனக்கு 51 ஆச்சு. தினமும் யோகா, எண்ணெய் இல்லாத சாப்பாடு. எனக்கு என்னடா வரப்போவுது?"ன்னு போனை வெச்சுட்டார். மூணு தடவை பேசிட்டேன். அவர் இந்தப் பக்கத்தைத் தவறாமப் படிப்பார்னு எனக்குத் தெரியும்.

அண்ணே, உங்களுக்காக வேண்டாம். ரெண்டு பொண்ணுங்க இருக்கு. ஒரு தடவை ரத்தம் குடுத்துட்டு, வர்ற எண்ணை எனக்கு அனுப்புங்க. போதும்.